நாக்கு நுனியில் நிற்கும் பெயரும், உள்ளறைக்குப் போய்விட்ட மனைவியும்

கடிதத்தின் சுருக்கம்

62 வயதான வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பள்ளி நாட்களிலிருந்தே பொது அறிவுக் கேள்விகள் என்றால் அவருக்கு உயிர். மாலையானால் தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சி பார்ப்பது அவருக்கும் மனைவிக்கும் பல ஆண்டுப் பழக்கம். ஓய்வுக்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டு, அன்று கேட்கப்பட்ட கேள்விகள் எத்தனை, தான் சரியாகச் சொன்னவை எத்தனை என்று தேதிவாரியாகக் குறித்து வருகிறார்.

ஆறேழு மாதங்களாக அவருக்குப் பெயர்கள் பிடிபடுவதில்லை. விஞ்ஞானியின் முகம் கண்முன் நிற்கிறது, என்ன கண்டுபிடித்தார் என்பதும் தெரிகிறது, பெயர் மட்டும் வருவதில்லை. மறுநாள் காலை குளிக்கும்போது அது தானாக வந்து நிற்கிறது. அவருடைய அக்கா மறதி நோயால் அவதிப்பட்டு இறந்தவர். அந்தப் பயத்தில், நாளுக்கு ஒரு நிகழ்ச்சி பார்த்தவர் இப்போது மூளைப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மூன்று பார்க்கிறார். அப்படியும் நோட்டில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. "நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்" என்று ஓர் இடத்தில் குறைப்பட்டிருக்கிறார்.

மகன், "இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது அப்பா, உருப்படியாக ஏதாவது செய்யக்கூடாதா" என்கிறார். மனைவியோ நிகழ்ச்சி தொடங்கியதும் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறார். "அவளுக்குப் பொது அறிவில் ஆர்வம் போய்விட்டது. 'சத்தத்தைக் குறையுங்கள்' என்பதைத் தவிர அந்த நேரத்தில் என்னிடம் அவள் பேசுவதே இல்லை" என்று எழுதுகிறார். இரண்டு வரி தள்ளி, போகிற போக்கில் இதையும் எழுதியிருக்கிறார்: "ஒருநாள் அவள் ஒரு விடை சொன்னாள். தவறு. 'இதுகூடத் தெரியாதா' என்று சிரித்தேன். விளையாட்டாகத்தான். என்ன கேள்வி என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை."

அவர் கேட்பவை மூன்று. நான் நேரத்தை வீணடிக்கிறேனா? எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதா? ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொள்ள விண்ணப்பிக்க ஆசை, பலர் முன்னால் தோற்றால் என்ன செய்வது?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள ஐயா,

மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. முணுமுணுக்கும் நடத்துநர்கள், சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் மனைவி, இறங்கும் மதிப்பெண், உள்ளறை. நான்கு வெவ்வேறு இடங்களில் நீங்கள் எழுதியிருக்கும் இந்த நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நினைக்கிறேன். அதற்கு வருவதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் பயத்தைப் பேசிவிடுவோம்.

பெயர் வராமல் நிற்பது

நான் உளவியல் ஆலோசகர், மருத்துவர் அல்ல. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் அனுபவத்தை ஆராய்ச்சியாளர்கள் நன்றாக அறிவார்கள். 1966-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இருவர், அரிதாகப் புழங்கும் சொற்களின் பொருளை மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, சொல் என்ன என்று கேட்டார்கள். சொல் நாக்கு நுனியில் நின்று வெளிவராமல் தவித்த மாணவர்கள் பலர், அதன் முதலெழுத்தையும் அதில் எத்தனை அசைகள் என்பதையும் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் இருபது வயதையொட்டிய இளைஞர்கள். சொல் அழிந்துபோகவில்லை, அதற்குப் போகும் வழியில் ஓரிடத்தில் அடைப்பு, அவ்வளவுதான்.

வயது ஏறும்போது இந்த அடைப்பு அடிக்கடி வரும். எல்லாச் சொற்களிலும் ஆட்களின் பெயரில்தான் மிக அதிகமாக வரும். காரணம் எளிது. ஒருவர் மருத்துவர் என்று தெரிந்தால் மருத்துவமனை, மருந்து, வெள்ளை அங்கி என்று பத்துக் கொக்கிகள் அந்த நினைவைப் பிடித்துக்கொள்கின்றன. அவர் பெயர் இன்னது என்பதைப் பிடிக்க எந்தக் கொக்கியும் கிடையாது. அந்தப் பெயர் அவருக்கு ஏன் வந்தது என்பதற்கு அவருடைய முகத்திலோ வேலையிலோ ஒரு தடயமும் இல்லை. ஆகவே முகமும் கண்டுபிடிப்பும் உங்களுக்குத் தெரிந்திருக்க, பெயர் மட்டும் விட்டுப்போவதில் வியப்பில்லை. அது மறுநாள் தானாகத் திரும்பி வந்தது என்கிறீர்களே, அந்தத் தகவல் எனக்கு ஆறுதலளிக்கிறது. உங்களுக்கும் ஆறுதலளிக்க வேண்டும்.

வயதோடு எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் குறையும் என்று நீங்கள் எண்ணுவது போலத் தெரிகிறது. அப்படி இல்லை. புதிய சிக்கலை வேகமாக அவிழ்க்கும் திறன் முன்னதாகவே இறங்கத் தொடங்குகிறது. வாழ்நாளில் சேர்த்த சொல்வளமும் உலக அறிவும் வெகுகாலம் நிற்கின்றன. வினாடி வினா நிகழ்ச்சிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அறுபதைக் கடந்த பலர் இந்த விளையாட்டில் இளைஞர்களை மிஞ்சுவதற்கு இதுவே காரணம்.

உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வராதபோது பல்லைக் கடித்துக்கொண்டு போராடாதீர்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வாரினர், ஹம்ஃப்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. நாக்கு நுனியில் சிக்கிய சொல்லோடு 10 விநாடியோ 30 விநாடியோ போராட விட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே சொற்களைக் கேட்டபோது, அதிக நேரம் போராடிய சொற்களே மறுபடியும் அதிகமாகச் சிக்கிக்கொண்டன. தவறான பாதையில் நடந்து நடந்து அதையே மூளை பழகிக்கொள்கிறது. பத்து விநாடியில் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் இப்போது யாரும் இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதற்கும் வருகிறேன்.

எப்போது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரை மறப்பது வேறு, நேற்று நடந்த உரையாடலே நடக்காததுபோல் ஆகிவிடுவது வேறு. ஒரே கேள்வியைச் சற்று நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதையில் வழி தவறுவது, வாழ்நாள் முழுதும் செய்த வரவு செலவுக் கணக்கில் குழம்புவது, விளையாட்டின் விதியையே பின்தொடர முடியாமல் போவது: இவற்றில் ஒன்றை நீங்கள் கவனித்தாலும், அதைவிட முக்கியமாக வீட்டில் இருப்பவர்கள் கவனித்தாலும், தாமதிக்க வேண்டாம். அக்காவின் நிலையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். அந்த அச்சத்தோடு ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்திருப்பதைவிட, ஒருமுறை பொது மருத்துவரிடம் போய் நினைவாற்றல் சோதனை செய்துகொள்வது நல்லது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும்.

முணுமுணுப்பது யார்?

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. எல்லா நடத்துநர்களும் ஒரே நேரத்தில் முணுமுணுக்கத் தொடங்குவார்களா? தெளிவாகப் பேசுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். நீங்கள் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், மனைவி குறைக்கச் சொல்கிறார். ஐயா, உங்கள் செவித்திறனைச் சோதிக்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

வயதோடு வரும் செவித்திறன் குறைவு ஒரே நாளில் கதவை மூடுவதுபோல் வருவதில்லை. முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய எழுத்தொலிகள் தேய்ந்துபோகும்; உயிரெழுத்துகள் நன்றாகவே கேட்கும். அதனால் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது மட்டும் பிடிபடாது. முணுமுணுக்கிறார் என்றுதான் அது தோன்றும். பின்னணி இசையும் கைதட்டலும் நிறைந்த வினாடி வினா நிகழ்ச்சியில் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரியும். கேள்வியில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் விடை எப்படி வரும்? அரைகுறையாகக் காதில் விழுந்ததை ஊகித்து நிரப்பவே மூளையின் உழைப்பு செலவாகிவிட்டால், நினைவில் தேடுவதற்கு மிச்சமிருப்பது குறைவு. உங்கள் நோட்டில் இறங்கிக்கொண்டிருப்பது நினைவாற்றலாக இல்லாமல் கேட்கும் திறனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நீங்கள் பயப்படும் நோயோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது. மறதி நோய்த் தடுப்பு குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளை 2024-ல் பட்டியலிட்டது. அதில் செவித்திறன் குறைவு முன்வரிசையில் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை, கவனிக்கப்படாத பார்வைக் குறைபாடு, தனிமை ஆகியவையும் அதில் உண்டு. காது கேட்கும் கருவி மாட்டினால் மறதி நோய் வராது என்று இதற்குப் பொருள் அல்ல. 70 முதல் 84 வயது வரை உள்ளவர்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது செவித்திறன் சிகிச்சையால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆபத்துக் காரணிகள் ஏற்கெனவே அதிகமிருந்தவர்களிடம் மூன்றாண்டுகளில் நினைவுச் சரிவு மெதுவானது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனால், முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுப்பார்கள். வலியில்லாத, சிறிது நேரத்தில் முடியும் சோதனை அது. அதுவரைக்கும், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி நிகழ்ச்சிக்கு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நிகழ்ச்சியும் ஒரு நோட்டும்

மூளைப் பயிற்சிக்காக ஒன்றை மூன்றாக்கினேன் என்கிறீர்கள். வினாடி வினா மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மூளை விளையாட்டுகளை விற்ற ஒரு நிறுவனம், தன் விளையாட்டு முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்தது. ஆதாரமின்றி அப்படிச் சொன்னதற்காக 2016-ல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. 20 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த ஒன்றில் தேர்ச்சி வரும். அதைத் தாண்டி மூளை முழுவதற்கும் காப்பாகும் என்பது நாம் விரும்பி நம்புவது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருப்பதால் கிடைப்பதைவிட, ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் நடந்துவிட்டு வருவதால் உங்கள் மூளைக்குக் கிடைப்பது அதிகம்.

உங்கள் நோட்டைப் பற்றி, ஒரு கணக்காளரிடம் பேசுவதுபோலவே பேசுகிறேன். முன்பு பார்த்தது ஒரே நிகழ்ச்சி. இப்போது சேர்த்த இரண்டும் கடினமானவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதைப் பார்க்கும்போது இரவு பத்து மணி. மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் பேரேட்டை ஒன்றாகக் கூட்டி, போன ஆண்டு ஒரு நிறுவனத்துக்கு வந்த லாபத்தோடு ஒப்பிட்டு, நஷ்டம் என்று எழுத நீங்கள் யாரையாவது அனுமதித்திருப்பீர்களா?

பழைய பக்கங்களிலும் ஒரு பிழை இருக்கலாம். திரையில் நான்கு விடைகளைக் காட்டியபின் "ஆமாம், இதுதான்" என்று தோன்றுவது வேறு, ஒன்றும் காட்டாமல் உள்ளிருந்து எடுப்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நான்கில் ஒன்று சரியாக வரும். விடை தெரிந்த பிறகு "எனக்குத் தெரிந்திருந்தது" என்ற உணர்வு எல்லோருக்கும் வருகிறது. உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் இதை அழகாகக் காட்டினார். 1814-ல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போரைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். முடிவு இன்னது என்று முன்பே சொல்லப்பட்டவர்கள், அது சொல்லப்படாவிட்டாலும் தங்களால் ஊகித்திருக்க முடியும் என்று நம்பினார்கள். சொல்லப்பட்ட முடிவு உண்மையா என்பதுகூட அந்த நம்பிக்கைக்குப் பொருட்டாக இல்லை. ஆகவே, நோட்டின் ஆரம்பப் பக்கங்களில் நீங்கள் இருந்ததைவிடச் சற்று மேலாக உங்களைக் காட்டியிருக்க வாய்ப்புண்டு. அதிலிருந்து இப்போது விழுவதாகத் தெரிவது முழுக்க உண்மையான விழுதல் அல்ல. மூன்று மாதத்துக்கு அந்த நோட்டை மூடிவைக்கச் சொல்வேன்.

மகனிடம் என்ன சொல்வது

நேரம் வீணாகிறதா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. 34 ஆண்டுகள் உழைத்த ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் தனக்குப் பிடித்ததைப் பார்ப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்பவர்களுக்குப் பயனைக் காட்டி வாதாடத் தொடங்கினால் நீங்கள் தோற்பீர்கள். ஒரு நதியின் நீளம் தெரிந்து உண்மையிலேயே ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கேள்வி காதில் விழுந்த கணத்தில் நிமிர்ந்து உட்காருகிறோமே, அந்த உணர்வுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. என் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், நான் செய்தித்தாளிலிருந்து கேள்வி படித்தால் மட்டும் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவார். அதனால்தான் மகனுடைய அந்தக் கேள்வியை உங்கள் கடிதத்தில் படித்தபோது எனக்குள் ஒன்று சுருக்கென்றது.

கற்றலுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைக் கொண்டு ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டுத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள்தான் முந்தினார்கள். தவறான விடையும் வீண்போவதில்லை. உறுதியாக நம்பிச் சொன்ன விடை தவறு என்று தெரியும்போது, சரியானது வழக்கத்தைவிட நன்றாகப் பதிகிறது என்பதை 2001-ல் பட்டர்ஃபீல்ட், மெட்காஃப் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். தவறாகச் சொல்லத் துணிந்தவருக்குத்தான் அந்த லாபம். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டவருக்கு அது கிடைக்காது.

மகனுடைய பேச்சை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். மூன்று மணி நேரம் ஒரே அறையில், உரத்த சத்தத்தில், தனியாக அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் கவலைதான் அவரிடம் அப்படி முரட்டுச் சொற்களாக வருகிறதோ என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளறை

இப்போது உங்கள் மனைவி. பொது அறிவில் அவருக்கு ஆர்வம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை ஆண்டுகள் உங்களோடு உட்கார்ந்து பார்த்தவர். உலகத்தைப் பற்றிய ஆர்வம் திடீரென்று ஒரு மாலையில் வற்றிவிடுமா? இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, சத்தம். சரியாகக் கேட்கும் காதுக்கு அது வலியாகவே இருக்கும். இன்னொன்று நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரி.

"இதுகூடத் தெரியாதா." விளையாட்டாகச் சொன்னேன் என்கிறீர்கள். உங்கள் மனத்தில் அப்படித்தான் இருந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் என் அறைக்கு வரும் தம்பதிகளிடம் இந்த இரண்டு சொற்கள் செய்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சேர்ந்து விளையாடியவர்களில் ஒருவரை அவை தேர்வு எழுதுபவராக்கிவிடுகின்றன. நீங்கள் நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கியதும் அந்த அறை ஏற்கெனவே பாதி தேர்வுக் கூடமாகியிருக்கும். அதில் ஒரே ஆளுக்குத்தான் மதிப்பெண் எழுதப்படுகிறது என்பதையும் அவர் பார்த்திருப்பார். அந்த நோட்டில் அவருக்கென்று ஒரு பத்தி என்றைக்காவது இருந்ததா?

நீங்கள் வேகமானவர் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கேள்வி முடிவதற்குள் விடை சொல்லிவிடுவீர்கள் என்றும் ஊகிக்கிறேன். அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய ஜெப்பர்டி என்ற வினாடி வினா நிகழ்ச்சியில் ஒரு விதி இருக்கிறது. நடத்துநர் கேள்வியை முழுதாகப் படித்து முடிக்கும் வரை விடை சொல்ல யாரும் பொத்தானை அழுத்தக்கூடாது. முந்தி அழுத்தினால் கால் விநாடி அந்தப் பொத்தான் வேலை செய்யாது. பெரிய அறிவாளிகளும் அங்கே காத்திருக்கப் பழகித்தான் வருகிறார்கள். உங்கள் வீட்டு விளையாட்டில் அந்த விதி இல்லாததால், அடுத்தவருக்கு யோசிக்க இடமே கிடைத்திருக்காது.

இன்னொரு ஆய்வைச் சொல்ல ஆசை. 2014-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபரும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. பொது அறிவுக் கேள்வியைக் காட்டிவிட்டு, விடையைச் சில விநாடிகள் தள்ளிக் காட்டினார்கள். அந்த இடைவெளியில், கேள்விக்குத் தொடர்பே இல்லாத ஒரு மனித முகம் திரையில் வந்து போனது. பிறகு சோதித்தபோது, விடை என்ன என்று உண்மையான ஆவலோடு காத்திருந்த நேரத்தில் வந்த முகங்களையே அவர்கள் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். ஆவலோடு காத்திருக்கும் மூளை, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்கிறது. பல ஆண்டுகள் உங்கள் பக்கத்தில் இருந்த முகம் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். இப்போது அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. மகிழ்ச்சி குறைந்துபோனதற்கு மதிப்பெண் மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை.

ஆகவே, முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன், அதற்குப் போய்" என்று தொடங்காதீர்கள். அது இரண்டாம் முறை சிரிப்பதற்குச் சமம். "அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்பது போதும். உடனே கூட வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சத்தத்தைக் குறைத்து, ஒரே ஒரு நிகழ்ச்சி போடுங்கள். அவர் அறைக்குள் வந்து நின்றால், கேள்வி முடிந்ததும் விடை தெரிந்தாலும் நிறுத்திக்கொண்டு, "உனக்கு என்ன தோன்றுகிறது" என்று கேளுங்கள். தெரிந்துகொண்டே சோதிப்பதுபோல் அது ஒலித்துவிடக் கூடாது. உண்மையிலேயே பெயர் சிக்கிக்கொண்ட தருணத்தில் கேட்டால் இன்னும் நல்லது. உங்கள் பலவீனமாக நீங்கள் பார்க்கும் அந்த நாக்கு நுனித் தவிப்பு இங்கே உங்களுக்கு உதவும்.

விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். வீட்டுச் சோபாவில் வரும் விடை, விளக்கு வெளிச்சத்திலும் கடிகார ஓசையிலும் வராமல் போகலாம்; பதற்றம் நினைவை அடைக்கும். காதுச் சோதனையை முடித்துவிட்டுப் போவது இதற்காகவும் நல்லது. நிகழ்ச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பதிவை எப்படி வெட்டி ஒட்டுவார்கள், பரிசை எப்போது எந்த நிபந்தனையில் தருவார்கள், வரிப் பிடித்தம் எவ்வளவு என்பதை முழுதாகப் படியுங்கள். நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பரிசு விழுந்துவிட்டது, முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ சொன்னால் அது மோசடி. பணமோ, வங்கி விவரமோ, ஓடிபி எண்ணோ கொடுக்காதீர்கள். பெயர்பெற்ற வினாடி வினா நிகழ்ச்சிகளின் பெயரைச் சொல்லித்தான் இந்த ஏமாற்று அதிகம் நடக்கிறது. நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ அறிவிப்பு வழியாக மட்டும் விண்ணப்பியுங்கள்.

தோல்வி பற்றி: ஜெப்பர்டியில் 2004-ல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்றார். 75-ஆவது ஆட்டத்தின் கடைசிக் கேள்வி, ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் 70,000 பருவகால ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் எது என்பது. வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் நிறுவனம் அது. அவர் கூரியர் நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லித் தோற்றார். நீங்களாக இருந்தால், 34 ஆண்டுக் கணக்கு அனுபவத்தில் சட்டென்று சொல்லியிருப்பீர்கள். யாருக்கு எந்தக் கேள்வி வரும் என்பது யார் கையிலும் இல்லை. தோற்ற ஜென்னிங்ஸை யாரும் கேலி செய்யவில்லை. பின்னாளில் அதே நிகழ்ச்சியின் நடத்துநரும் ஆனார்.

ஆனால் எனக்கு இன்னும் பிடித்த காட்சி வேறு. 1998-ல் பிரிட்டனில் தொடங்கி உலகெங்கும் பரவிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பில், 1999 நவம்பரில் ஜான் கார்ப்பென்டர் என்பவர் பத்து லட்சம் டாலர் கேள்விக்கு வந்தார். விடை தெரியாதபோது நண்பரைத் தொலைபேசியில் கேட்பது போல நிகழ்ச்சி அனுமதிக்கும் உதவிகளில் எதையும் அதுவரை அவர் பயன்படுத்தவில்லை. கடைசிக் கேள்வியில் தொலைபேசி உதவியைக் கேட்டு, தன் அப்பாவை அழைத்தார். "உங்கள் உதவி எனக்குத் தேவையில்லை, நான் வெல்லப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்ற பொருளில் பேசிவிட்டு, விடையைச் சொல்லி வென்றார். விடை அவருக்கு முன்பே தெரியும். உங்கள் விண்ணப்பத்தில் தொலைபேசி நண்பர் என்ற கட்டம் இருந்தால், அதில் யார் பெயரை எழுதப்போகிறீர்கள்? எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

செவித்திறன் சோதனை முடிந்ததும் முடிவு என்ன என்று எனக்கு எழுதுங்கள். கூடவே ஒன்று. அன்றைக்கு உங்கள் மனைவி தவறாக விடை சொன்ன கேள்வி எது என்பது உங்களுக்கு நினைவில்லை என்றீர்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு நினைவிருக்கும்.